பீடம் ஓர் ஊரில், பூசை ஓர் ஊரில்

டா நாங்: பாலத்தின் வால் பக்கம்

வியட்நாமின் நடுக்கரையில் இருக்கும் டா நாங் இன்று கடற்கரை விடுதிகளின் நகரம். ஹான் ஆற்றுக்குக் குறுக்கே டிராகன் வடிவில் ஒரு பாலம். வார இறுதி இரவுகளில் அதன் வாய் தீயும் தண்ணீரும் கக்கும். ஊரே தலைப் பக்கம் கூடி நின்று கைபேசியைத் தூக்கிப் பிடிக்கும். வால் பக்கத்தில் அவ்வளவு கூட்டம் கிடையாது. அங்கேதான் மஞ்சள் பூசிய பழைய கட்டடம் ஒன்று, ஈழத்தலரி நிழல் விழும் முற்றத்தோடு இருக்கிறது. சாம் சிற்ப அருங்காட்சியகம்.

ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இந்தக் கரையை ஆண்டது சம்பா. கடலோடிகளின் நாடு. அகிற்கட்டைக்குப் பேர்போன நாடு. பத்ரவர்மன், சம்புவர்மன், இந்திரவர்மன் என்று பெயர் வைத்துக்கொண்ட அரசர்கள் சிவனுக்குச் செங்கல் கோபுரங்கள் எடுத்தார்கள். சமஸ்கிருதத்திலும் தங்கள் சாம் மொழியிலும் கல்வெட்டுகள் பொறித்தார்கள். வடக்கிலிருந்து வியட் அரசர்கள் நெருக்கிக்கொண்டே வர, 1471இல் விஜயா என்ற தலைநகர் விழுந்தது. தெற்கே ஒடுங்கிக் கிடந்த பாண்டுரங்கமும் 1832இல் போயிற்று. நாடு போனதே தவிர மக்கள் போய்விடவில்லை. 2019 கணக்கெடுப்பின்படி வியட்நாமில் சாம் மக்கள் ஏறத்தாழ 1.79 லட்சம் பேர்.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில், வயல்களிலும் இடிந்த கோபுரங்களின் அடியிலும் கிடந்த சிற்பங்களைப் பிரெஞ்சு அதிகாரிகள் சேகரித்து இந்த ஊரில் ஒரு தோட்டத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். வெயிலிலும் மழையிலும் நின்ற அவற்றுக்குக் கூரை வேண்டும் என்று தொல்லியலாளர் ஆன்றி பார்மான்தியே முயன்றார். 1915இல் கட்டத் தொடங்கி 1919இல் திறந்தார்கள். பிற்பாடு பலமுறை விரிவுபடுத்தியிருக்கிறார்கள். ஆனாலும் முன்பக்கக் கூடங்களில் நிற்கும்போது அந்த முதல் கட்டடத்தின் காற்றோட்டமும் வெளிச்சமும் இன்னும் தெரிகின்றன.

வாசலில் ஒரு விநாயகரைக் கண்டதும் கால் தானாகச் செருப்பைக் கழற்றப் பார்த்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த காவல்காரப் பெண்மணி சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று கையசைத்தார். அப்புறம் என் நெற்றியைப் பார்த்துவிட்டு, "இந்தியாவா?" என்று கேட்டார். தலையாட்டினேன். "இந்தியாக்காரர்கள் எல்லாரும் இதே இடத்தில்தான் குனிவார்கள்" என்றார்.

அறைக்கு ஓர் ஊர்ப்பெயர்

இங்கே கூடங்களுக்கு ஊர்ப்பெயர் வைத்திருக்கிறார்கள். மீ சோன் அறை, திரா கியூ அறை, தோங் யுவோங் அறை, தாப் மாம் அறை. எந்த ஊரிலிருந்து எடுத்தார்களோ அந்த ஊரின் பெயரே அறைக்கும். சுற்றிவந்தால் பழைய சம்பாவின் வரைபடத்துக்குள் நடந்த மாதிரி ஆகிறது. இதில் ஒரு நேர்மை இருப்பதாகப் பட்டது. 'இது எங்களுடையது' என்று சொல்லாமல் 'இது அங்கிருந்து வந்தது' என்று ஒவ்வொரு வாசலும் சொல்கிறது.

இரண்டு மூன்று அறைகள் தாண்டியதும் ஒன்று உறைத்தது. இந்த அருங்காட்சியகத்தின் பெரிய செல்வம் கடவுள் சிலைகள் அல்ல. பீடங்கள்.

மீ சோன் அறையின் நடுவில் இருப்பது 'ஈ1' என்று பார்மான்தியே எண்ணிட்ட கோயிலின் பீடம். ஏழு, எட்டாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தது. 1918இல் இங்கே கொண்டுவந்தார்கள். ஒரு காலத்தில் இதன்மேல் லிங்கம் இருந்தது. சுற்றிலும் சிற்பி செதுக்கியிருப்பது முனிவர்களின் அன்றாட வாழ்க்கை. ஒருவர் புல்லாங்குழல் ஊதுகிறார். ஒருவர் சீடனுக்குப் பாடம் சொல்கிறார். இன்னொருவர் படுத்திருக்க, பக்கத்தில் ஒருவர் உடம்பு பிடித்துவிடுகிறார். படிக்கட்டில் மூன்று பேர் துகில் பிடித்து ஆடுகிறார்கள். தவம் என்றால் கண் மூடி உட்கார்ந்திருப்பது என்று நினைக்கும் நமக்கு, இந்த ஆசிரமம் நல்ல கலகலப்பாகத் தெரிகிறது. அதே கோயிலின் முகப்புக் கல்லும் அருகில் இருக்கிறது. பாம்பணையில் திருமால் பள்ளிகொண்டிருக்க, உந்தித் தாமரையில் பிரம்மன். சிவன் கோயில் வாசலுக்கு மேலே பெருமாளைப் படுக்கவைக்க அவர்களுக்கு எந்தத் தயக்கமும் இருக்கவில்லை.

எங்கள் பக்கத்து விநாயகர் உட்கார்ந்திருப்பார். மீ சோனிலிருந்து வந்தவர்களில் ஒருவர் நின்றுகொண்டிருக்கிறார். இடுப்பில் புலித்தோல். கையிலிருக்கும் கிண்ணத்துக்குள் தும்பிக்கை போய்விட்டது; பலகாரத்தில் மட்டும் எல்லா ஊர் விநாயகருக்கும் ஒரே குணம். பார்மான்தியே கண்டெடுத்தபோது நான்கு கைகளோடு இருந்தவர், பிறகு பின்கைகளை இழந்தார். மயில்மேல் ஸ்கந்தனும் இருக்கிறார். முருகன் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அந்தக் கூடத்தில் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்க ஆளில்லை.

திரா கியூ பீடத்தின் நாற்புறமும் ஒரு கதை ஓடுகிறது. வில்லை ஒடிக்கும் வீரனைப் பார்த்து இராமன் என்பவர்கள் உண்டு. கண்ணன் கதை என்று வாதிட்ட அறிஞர்களும் உண்டு. சீதை கல்யாணம் கேட்டு வளர்ந்தவனுக்கு முதல் கட்சிதான் பிடித்தது. இன்னொரு திரா கியூ பீடத்தில், உடம்பை மூன்றாக வளைத்து ஆடும் பெண்கள். மணற்கல்லில் மெல்லிய மணிவடங்களைத் தொங்கவிட்டவன் கை எவ்வளவு பதமாக இருந்திருக்க வேண்டும்!

தோங் யுவோங் அறையில் காற்றே மாறிவிடுகிறது. 875இல் இரண்டாம் இந்திரவர்மன் எழுப்பிய பௌத்த மடம் அது. ஒட்டிய தடித்த புருவம், அகன்ற மூக்கு, அடர்ந்த மீசை, தடித்த உதடு. சம்பாவின் வேறெந்தக் காலத்திலும் இப்படி முறைக்கும் முகங்கள் இல்லை. அங்கே 1978இல் ஊர்க்காரர்கள் செங்கல் தோண்டும்போது வெண்கலத்தில் ஒரு பெண் உருவம் வெளிவந்தது. ஒரு மீட்டருக்குச் சற்று அதிக உயரம். தாரை என்கிறார்கள். கைகளிலிருந்த தாமரையும் சங்கும் அப்போதே உடைந்து தனியாகிவிட்டன. சிலை இங்கே வந்து சேர்ந்தது. தாமரையும் சங்கும் அந்த வட்டாரத்திலேயே தங்கிவிட்டன. 2023இல்தான் அவற்றை இந்த அருங்காட்சியகத்திடம் ஒப்படைத்தார்கள். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக வெறுங்கையோடு நின்றவளுக்கு, சொந்த ஊர் வைத்திருந்ததைக் கொடுத்தனுப்பியிருக்கிறது.

தாப் மாம் அறையில் யானைத் தலையும் சிங்க உடலுமாகக் கல் விலங்குகள். வரிசையாகப் பெண் முலைகள் சூழ்ந்த பீடம் ஒன்று, மேலே எதுவும் இல்லாமல். அதைச் சுற்றி வந்த பள்ளிப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஆசிரியை சிரிக்காமல் விளக்கினார்.

நம் ஊர்க் கோயிலில் பீடத்தை யார் பார்க்கிறோம்? பட்டும் பூவும் மறைத்திருக்கும். கண் மேலே போய்விடும். இங்கே கடவுள் எழுந்து போன பின் மிஞ்சிய பீடத்தைச் சுற்றிவந்து, ஒவ்வொரு முகமாக, அவசரமில்லாமல் பார்க்க முடிகிறது. அதற்கு நன்றி சொல்வதா, வருத்தப்படுவதா என்று தெரியாமல் வெளியே வந்தேன்.

பசி. முக்குத் தெருவில் சிவப்பு பிளாஸ்டிக் முக்காலிகள் போட்ட கடையில் மீ குவாங் கிடைத்தது. இந்த வட்டாரத்தின் சொந்தச் சாப்பாடு அது. மஞ்சள் போட்ட பட்டை அரிசி நூடுல்ஸ், அடியில் கொஞ்சமே குழம்பு, மேலே இறால், வறுத்த வேர்க்கடலை, சன்னமாகச் சீவிய வாழைப்பூ, நொறுக்கிப்போட அரிசி அப்பளம். வாழைப்பூவைப் பச்சையாகத் தின்று பார்த்தது அன்றுதான். கடைக்கார அம்மா நான் அப்பளத்தைத் தனியாகக் கடிப்பதைப் பார்த்துவிட்டு, வந்து தன் கையாலேயே அதை நொறுக்கிக் கிண்ணத்தில் போட்டுவிட்டுப் போனார்.

திரா கியூ: வயலுக்கு அடியில் தலைநகர்

தெற்கே து போன் ஆற்றை ஒட்டிப் போகும் சாலையில் நெல் வயல்கள் முடிவதே இல்லை. திரா கியூ, சிம்மபுரம் என்ற பழைய தலைநகர் இருந்த இடம். 1927, 1928 ஆண்டுகளில் இங்கே அகழாய்வு நடந்தது. அருங்காட்சியகத்தின் ஆடற்பெண்கள் இந்த மண்ணிலிருந்து வந்தவர்கள். இன்று கண்ணுக்குத் தெரிவது ஒரு சிற்றூர். சின்னக் குன்றின்மேல் மாதா கோயில். ஏறிப் பார்த்தால் வயல், தென்னை, ஓட்டுக் கூரைகள், தூரத்தில் மலை. தலைநகர் எங்கே என்று கேட்டால் கீழே காலடியைத்தான் காட்ட வேண்டும்.

குன்றடியில் கரும்புச் சாறு பிழியும் பெண்ணிடம், இங்கே பழைய பொருள் ஏதாவது கிடைக்குமா என்று உடன் வந்த ஓட்டுநர் கேட்டார். சாற்றில் ஒரு சின்ன ஆரஞ்சுப் பழத்தைப் பிழிந்துகொண்டே அவர் சொன்னார்: "கிணறு தோண்டினால் செங்கல் வரும். அந்தக் காலத்துச் செங்கல் நல்ல செங்கல்." அவர் சாம் இனத்தவர் அல்லர், வியட் குடும்பம், பல தலைமுறையாகக் கத்தோலிக்கர்கள். ஆடற்பெண்களின் பீடம் அவர் குடும்பத்துக்குச் சொந்தக் கதை இல்லை. ஆனால் அடியில் கிடக்கும் செங்கல்லின் தரம் தெரிந்திருக்கிறது.

இந்த ஊருக்குப் பக்கத்தில்தான் தோங் யென் சாவ் கல்வெட்டு கிடைத்தது. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அது, சாம் மொழியில் எழுதப்பட்டது. மலாய், ஜாவானியம் எல்லாம் அடங்கிய ஆஸ்திரோனேசிய மொழிக் குடும்பம் முழுவதிலும் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்று இது என்பது அறிஞர்கள் கணிப்பு. எழுத்துமுறை இந்தியாவிலிருந்து போனது. பேச்சு அவர்களுடையது.

மீ சோன்: பூனைப்பல் மலையின் அடிவாரம்

டா நாங்கிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். நாலாபுறமும் மலை சூழ்ந்த சின்னப் பள்ளத்தாக்கு. அதில் ஒரு சிகரம் கூர்மையாக வளைந்து நிற்கிறது; பூனைப்பல் என்று பெயர். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் பத்ரவர்மன் இந்தப் பள்ளத்தாக்கைப் பத்ரேஸ்வரனுக்கு எழுதிவைத்தான். கல்வெட்டில் கிழக்கே இந்த மலை, தெற்கே பெருமலை, மேற்கே இன்ன மலை என்று எல்லைகளைக் குறித்திருக்கிறான். தேவதான நிலத்துக்கு நான்கெல்லை சொல்லும் கல்வெட்டுகளைக் கோயில் சுவர்களில் தடவிப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, இந்த அரசன் உடனே பிடிபட்டுவிடுவான்.

அவன் எடுத்த மரக் கோயில் தீயில் போனது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சம்புவர்மன் மறுபடி கட்டினான். அதிலிருந்து 13ஆம் நூற்றாண்டு வரைக்கும் ஒருவர் மாற்றி ஒருவர் கட்டிக்கொண்டே இருந்தார்கள். பார்மான்தியே காலத்தில் எழுபது கட்டடங்களுக்கு மேல் கணக்கெடுத்தார்கள். காலை வெயிலில் அந்தச் செங்கல் சிவப்பு அப்படியே பற்றிக்கொள்கிறது. செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவே சாந்து கண்ணில் படவே இல்லை. மரப்பிசின் கொண்டு ஒட்டியிருப்பார்கள் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. சுவரை எழுப்பிய பிறகு அதன்மேலேயே கொடியும் உருவமும் செதுக்கியிருக்கிறார்கள். படகைக் கவிழ்த்தாற்போலக் கூரை உள்ள ஒரு கட்டடம் இன்னும் முழுசாக நிற்கிறது. வழிபாட்டுப் பொருள்கள் வைக்கும் கருவூலம் அது.

வழிகாட்டி இளைஞர் ஓர் இடத்தில் நின்று, புல் முளைத்த வட்டப் பள்ளத்தைக் காட்டினார். குண்டு விழுந்த குழி.

போர்க்காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கில் கெரில்லாக்கள் தங்கியிருந்தார்கள். 1969 ஆகஸ்டில் அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டன. சம்பாக் கட்டடக்கலையின் உச்சம் என்று சொல்லப்பட்ட 'ஏ1' கோபுரம், இருபது மீட்டருக்கு மேல் உயர்ந்து நின்றது, நொறுங்கிப்போனது. பாரிஸிலிருந்த கலை வரலாற்றறிஞர் பிலிப் ஸ்டெர்ன் அதிபர் நிக்சனுக்குக் கடிதம் எழுதினார். கோயில்களை விட்டுவிடுங்கள் என்று பிறகு உத்தரவு போனது. அதற்குள் போக வேண்டியது போய்விட்டது. தோங் யுவோங் மடத்திலும் இதே கதைதான். அங்கே இன்று முட்டுக்கொடுத்து நிறுத்திய ஒரே ஒரு சுவர்த் துண்டு மிஞ்சியிருக்கிறது.

'ஈ1' கோயில் இருந்த இடத்துக்கும் போனேன். செங்கல் மேடு, உயரமாகச் சுவர் இல்லை. முந்தைய நாள் நான் சுற்றிச் சுற்றிப் பார்த்த பீடம் இந்த மேட்டின் நடுவில் இருந்தது. 1918இல் அதைப் பெயர்த்துக் கொண்டுபோகாமல் இருந்திருந்தால் புல்லாங்குழல் ஊதும் முனிவர் என்ன ஆகியிருப்பார் என்று குழிகளைப் பார்த்தால் தெரிகிறது. கடவுளைக் கோயிலிலிருந்து எடுத்துப்போய்க் கண்காட்சி வைக்கலாமா என்று எனக்குள் எப்போதும் ஒரு முணுமுணுப்பு உண்டு. அந்த மேட்டின்மேல் நின்றபோது அது கொஞ்சம் அடங்கியது.

மீட்டெடுக்கப் பல கைகள் வந்தன. 1980களில் போலந்துக் கட்டடக்கலைஞர் காசிமிர் க்வியாத்கோவ்ஸ்கி வந்து, மழையிலும் கொசுக்கடியிலும் இங்கேயே தங்கி வேலை பார்த்தார்; 1997இல் வியட்நாமிலேயே இறந்தார். இத்தாலியர் ஒரு தொகுதியைச் சீரமைத்தார்கள். 2017 முதல் 2022 வரை இந்தியத் தொல்லியல் துறை மூன்று தொகுதிகளில் வேலை செய்தது. 2020இல் அந்த வேலையின்போதே, ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த, ஒரே மணற்கல்லில் செய்த லிங்கம் வெளிப்பட்டது. அதை அங்கேயே வைத்திருக்கிறார்கள்.

கோயில்களுக்குப் போகும் வழியில் ஒரு கொட்டகையில் சாம் நடனம் நடக்கும். நீள மேளங்கள் இரண்டைக் குறுக்காகச் சாய்த்து வைத்துக்கொண்டு, ஒரு பக்கம் குச்சியாலும் மறுபக்கம் கையாலும் அடிக்கிறார்கள். கினாங் என்று பெயர். உடன் சரநாய் என்ற குழல். நம் கூட்டத்தில் யாருக்காவது அதைக் கேட்டால் தாலி கட்டும் நேரம் வந்துவிட்டது என்று எழுந்து நிற்கத் தோன்றும். நிகழ்ச்சி முடிந்ததும் மேளக்காரத் தம்பியோடு பேச்சுக்கொடுத்தேன். இங்கிலீஷ் ஓரளவுக்கு வந்தது.

"உங்கள் முன்னோர் கோயில் முன்னால் வாசிக்கிறீர்கள். எப்படி இருக்கிறது?"

"இது வேலை. மேளத்தைச் சாமிக்கு வாசிப்பது என் ஊரில்தான்."

"எது உங்கள் ஊர்?"

"தெற்கே, பான் ராங். ரயிலில் ஒரு ராத்திரி. எங்கள் மாமா இருக்கிறார், போய்ப் பாருங்கள்."

தாப் சாம்: சாம் கோபுரத்தின் பெயரில் ஒரு ரயில் நிலையம்

பான் ராங்குக்கு இங்கேதான் இறங்க வேண்டும்; டா நாங்கிலிருந்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். விடியும்போது சன்னலுக்கு வெளியே வேறு நாடு. வடக்கில் விட்டுவந்த நீரும் பச்சையும் இல்லை. மொட்டைப் பாறைக் குன்றுகள், முட்புதர், செம்மறி ஆட்டு மந்தைகள். வியட்நாமிலேயே மழை குறைந்த வட்டாரம் இது. கடலோரத்தில் உப்பளம், உள்ளே திராட்சைப் பந்தல். இராமநாதபுரத்துக்காரனை இங்கே இறக்கிவிட்டால் யாரிடமும் வழி கேட்க மாட்டான்.

பழைய பாண்டுரங்கம் இதுதான். வடக்கே ஒவ்வொரு நகரமாக இழந்த சம்பா, கடைசியாக வந்து நின்ற வறண்ட மண். நல்ல தண்ணீரும் வண்டலும் உள்ள இடங்களையெல்லாம் விட்டுக்கொடுத்த பிறகு மிஞ்சியது.

நிலையத்துக்கு வெளியே காலைக்கடை. நிலக்கரி அடுப்பின்மேல் குழிகள் வைத்த மண் சட்டி. பெண் ஒருத்தி அரிசி மாவை ஊற்றி, சின்ன மண் மூடிகளால் ஒவ்வொரு குழியையும் மூடினாள். பான் கான் என்று பெயர். நம் குழிப்பணியாரத்தின் கூடப்பிறந்ததேதான். முட்டையோ கணவாயோ போட்டு, மீன் குழம்பில் தோய்த்துத் தின்கிறார்கள். எண்ணெய் அதிகம் இல்லாமல் அடியில் மொறுமொறுவென்று வந்தது. சட்டி எங்கே வாங்கியது என்று சைகையில் கேட்டேன். "பாவ் ட்ருக்" என்றாள். எப்படியும் போக இருந்த ஊர்.

போ கிளோங் கராய்: வெற்றிலைக் குன்று

நிலையத்துக்கு அருகிலேயே ஒரு வறண்ட குன்று. வெற்றிலைக் குன்று என்று அர்த்தப்படும் பெயர். உச்சியில் மூன்று செங்கல் கோபுரங்கள். 13ஆம் நூற்றாண்டு முடிந்து 14ஆம் நூற்றாண்டு தொடங்கும் காலத்தில் மூன்றாம் ஜெயசிம்மவர்மன் கட்டியவை. வாசலுக்கு மேலே ஆறு கைகளோடு சிவன் ஆடுகிறார். நிலைக்கல்லில் சாம் எழுத்து. உள்ளே இருட்டில் நந்தி; அதைத் தாண்டி முகலிங்கம், மீசையும் கிரீடமுமாக அரசனின் முகம் வைத்தது. அந்த அரசன்தான் போ கிளோங் கராய். தொழுநோயால் வருந்தியவன், பிறகு அரசனாகி அணையும் வாய்க்காலும் வெட்டி இந்த மண்ணுக்குத் தண்ணீர் கொடுத்தவன் என்பது கதை. தண்ணீர் கொண்டுவந்தவனைச் சிவனோடு சேர்த்துவிட்டார்கள். மழை குறைந்த ஊரில் அதைவிடப் பெரிய தகுதி எது?

மேளக்காரத் தம்பியின் மாமா என்னைக் குன்றடியில் சந்தித்தார். வெள்ளைத் தலைப்பாகை, வெள்ளைச் சட்டை. மருமகன் கைபேசியில் மொழிபெயர்க்க, நாங்கள் மெதுவாகப் படி ஏறினோம். சன்னதிக்குள் எறும்பு மொய்த்த வாழைப்பழம் நந்தியின் முன்னால் இருந்தது. விளைச்சல் நன்றாக இருக்க வேண்டி, உழவர்கள் நந்தி வாயருகே தீனி வைப்பார்களாம். டா நாங்கில் பார்த்த நந்திகளின் முன்னால் விளக்கப் பலகை இருந்தது.

"கதே திருவிழாவுக்கு வந்திருக்க வேண்டும்" என்றார். சாம் நாட்காட்டியின் ஏழாம் மாத முதல் நாள், பெரும்பாலும் அக்டோபரில் வரும். அன்று கோபுரக் கதவைத் திறந்து, போ கிளோங் கராய் முகத்துக்கு நீராட்டி, உடை உடுத்துவார்கள். காதர் எனப்படும் பாடகர் இரண்டு தந்தி வாத்தியத்தை இழைத்துப் பாடுவார். வெற்றிலை, பழம், ஆட்டிறைச்சி, சோறு எல்லாம் படைப்பார்கள். மாட்டிறைச்சி கிடையாது, இந்துச் சாம்களாகிய இவர்கள் அதைத் தொடுவதில்லை.

"அந்த உடையை எங்கே வைத்திருப்பீர்கள்? கோபுரத்திலா?"

அவர் மேற்கே நீலமாகத் தெரிந்த மலையைக் காட்டினார். "அங்கே. ராக்லாய்களிடம்."

ராக்லாய்கள் மலைவாசிகள். சாம் மொழிக்கு நெருங்கிய மொழி பேசுபவர்கள். நாடு இழந்து ஓடிய காலத்தில் சம்பா அரசர்கள் தெய்வத்தின் பட்டையும் பொருளையும் அவர்களிடம் ஒப்படைத்ததாகச் சொல்கிறார்கள். சாம் வீடுகளில் சொத்து மகள்களுக்குப் போகும். பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போவார்கள். கல்யாணமானதும் பையன் மனைவி வீட்டுக்குப் போய்விடுவான். முன்னோர் பொருளைக் காப்பாற்றும் பொறுப்பு கடைசி மகளுக்கு. சாம் அக்கா, ராக்லாய் கடைக்குட்டித் தங்கை என்பது இவர்கள் வழக்கு. அதனால் தங்கை வைத்திருக்கிறாள். ஒவ்வோர் ஆண்டும் கதேக்கு முந்தின நாள் ராக்லாய்கள் அந்த உடைகளைச் சுமந்து மலையிறங்கி வருகிறார்கள். மேளம் அடித்து எதிர்கொண்டு அழைக்கிறார்கள். திருவிழா முடிந்ததும் உடை மறுபடி மலைக்குப் போய்விடும்.

பூட்டு, கண்ணாடி, கேமரா எதுவும் இல்லாத ஒரு காப்பகம். பொருள் வைத்திருப்பவருக்கும் சொந்தக்காரருக்கும் நடுவே ஒரு தேதி மட்டும் இருக்கிறது.

ஊரில் எங்கள் கோயில் உற்சவர் நினைவுக்கு வந்தார். சிலைத் திருட்டுக்குப் பயந்து, சின்னக் கோயில்களின் செப்புத் திருமேனிகளைப் பாதுகாப்பு மையங்களில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். திருவிழாவுக்கு மனு எழுதி, காவலோடு கூட்டிவந்து, ஊர்வலம் முடிந்ததும் திருப்பி அனுப்பும் ஊர்கள் உண்டு. மனு எழுத ஆளில்லாமல் ஆண்டுக்கணக்கில் உற்சவரைப் பார்க்காத ஊர்களும் உண்டு. நாம் இதைச் சாபமாக நினைக்கிறோம். அந்தக் குன்றில் நின்றபோது எனக்கு வேறு மாதிரிப் பட்டது: மனு எழுத ஓர் ஊர் இருக்கும்வரை அந்தச் சிலை அருங்காட்சியகப் பொருள் ஆகவில்லை.

பாவ் ட்ருக்: பானையைச் சுற்றும் பெண்கள்

பாவ் ட்ருக் சாம் குயவர் ஊர். நம் ஊரில் வேளார் சக்கரத்தைச் சுற்றுவார். இங்கே சக்கரமே இல்லை. நடுவில் ஒரு மேடைமேல் மண்ணை வைத்துவிட்டு, பெண்ணே பானையைச் சுற்றிப் பின்பக்கமாக நடக்கிறாள். ஒரு கை உள்ளே, ஒரு கை வெளியே. ஆற்றோர வயலில் எடுத்த களியில் பொடி மணலைப் பிசைந்த மண். சுட்டெடுப்பது சூளையில் இல்லை. திறந்தவெளியில் விறகும் வைக்கோலும் மூடி எரிக்கிறார்கள். அதனால் ஒவ்வொரு பானையிலும் கருப்பும் செம்மையும் வேறு வேறு இடத்தில் படர்கின்றன. தாயிடமிருந்து மகளுக்கு வரும் தொழில். கற்றுக்கொள்ளும் இளையவர்கள் குறைந்துபோனதால், 2022இல் யுனெஸ்கோ இதை அவசரமாகக் காக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

மாமாவின் அக்கா, எழுபதைத் தாண்டிய பாட்டி, என்னோடு பேசிக்கொண்டே பத்துப் பன்னிரண்டு சுற்று நடந்தார். கழுத்து வளைந்து வந்துவிட்டது. வெளியூர்க்காரர்களுக்காகச் சின்னக் கோபுரங்களும் ஆடற்பெண் சிலைகளும் செய்து அடுக்கியிருந்தார்கள். அந்த ஆடற்பெண்ணை எனக்கு அடையாளம் தெரிந்தது. திரா கியூ பீடத்தில் இருப்பவள். புத்தகப் படத்தைப் பார்த்துச் செய்வோம் என்றார் பாட்டி. அருங்காட்சியகம் இல்லாவிட்டால் அந்தப் படமும் இல்லை, இந்த மண் பொம்மையும் இல்லை. டா நாங்கின் மாடியில் பாவ் ட்ருக் பானை காட்சிக்கு இருக்கிறது. பாவ் ட்ருக்கில் டா நாங்கின் பெண் களிமண்ணில் ஆடுகிறாள். போக்குவரத்து இருக்கத்தான் செய்கிறது, கள்ளத்தனமாக.

சாப்பாட்டுக்கு உட்காரவைத்தார்கள். சோறு, முருங்கைக்கீரைச் சாறு, மீன். முருங்கைக்கீரையைக் கண்டு நான் மலர்ந்ததைப் பார்த்து இன்னொரு கரண்டி ஊற்றினார்கள். பேச்சு டா நாங்குக்குத் திரும்பியது. மாமா ஒருமுறை போயிருக்கிறாராம்.

"என்ன நினைத்தீர்கள்?"

"அழகாக வைத்திருக்கிறார்கள். சுத்தமாக இருக்கிறது. மழை படவில்லை. போரில் எல்லாம் போயிருக்கும், அவர்கள் வைத்திருந்ததால் இருக்கிறது." கொஞ்ச நேரம் மென்றார். "நான் போனபோது சட்டைப்பையில் வெற்றிலை இருந்தது. எங்கே வைப்பது என்று தெரியவில்லை."

"அதையெல்லாம் உங்களிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்கிறீர்களா?"

மருமகன் மொழிபெயர்த்ததும் அவர் பலமாகச் சிரித்தார். பாட்டியும் சிரித்தார். "அத்தனை கல்லையும் கொண்டுவந்து எங்கே வைப்பது? இந்த வீட்டிலா? ராக்லாய் செய்கிற மாதிரி செய்தால் போதும். ஆண்டுக்கு ஒரு நாள் எங்களை உள்ளே விட்டு, மேளம் அடித்து, குளிப்பாட்டிச் சோறு வைக்க விடட்டும். மீதி நாளெல்லாம் அவர்களே வைத்துக்கொள்ளட்டும், துடைக்கிற வேலை எங்களுக்கு மிச்சம்."